2,000 ரூபாய் மிச்சம் பிடிச்ச சித்தப்பா, கோட்டை விட்டது எவ்வளவு?



வலங்கைமான்ல எங்க சித்தப்பாவுக்கு ஒரு ஏக்கர் குளம் இருக்கு. போன வருஷம்தான் முதல் தடவையா மீன் விட்டார். குஞ்சு ஒண்ணு 50 காசு. 2,000 குஞ்சு, மொத்தம் 1,000 ரூபாய். "பாத்தியா தம்பி, எவ்ளோ சீப்பா முடிச்சேன்!"னு போன் பண்ணிச் சொன்னார். கடைசியில வலையில வந்தது சுமார் 600 மீன்தான்.

சமீபத்துல சேலத்துல எனக்கு ஒரு ஆடிட் வேலை. அவரையும் கூட்டிக்கிட்டு அப்படியே மேட்டூர் போனேன். நம்ம டெல்டாவுக்குத் தண்ணி கிளம்புற ஸ்டான்லி நீர்த்தேக்கம் பக்கத்துலயே அரசு மீன் விதைப்பண்ணை இருக்கு. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் நீர்த்தேக்கத்துல விடுறதுக்கு இங்கே வளர்க்கறாங்க.

இந்த மீன்கள் தேங்கின குளத்துல தானா முட்டை போடாது. ஆத்து வெள்ளம் வேணும். 1957-ல ஹிராலால் சௌத்ரிங்கற விஞ்ஞானி, ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கலாம்னு காட்டினார். அந்த ஜூலை 10-ஐத்தான் இன்னைக்கு தேசிய மீன் விவசாயிகள் தினமா கொண்டாடறோம்.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். மீன் விதையில மூணு சைஸ் இருக்கு. பொரிச்சதும் நுண்குஞ்சு. ரெண்டு மூணு வாரத்துல இளங்குஞ்சு. இன்னும் ரெண்டு மூணு மாசத்துல விரல் நீளம் வளர்ந்தா விரலி. சின்ன சைஸ்ல விலை கம்மி, ஆனா சாவு அதிகம். விரால், தவளை, கொக்குன்னு எல்லாத்துக்கும் அது தீனி.

சித்தப்பா வாங்கினது இளங்குஞ்சு. அதுக்குப் பதிலா விரலி வாங்கியிருந்தா? உத்தேசமாப் போடுவோம்:

இளங்குஞ்சு: 2,000 × 50 காசு = ரூ.1,000. தேறினது 600.

விரலி: 2,000 × ரூ.1.50 = ரூ.3,000. 80% தேறினா 1,600.

வித்தியாசம் 1,000 மீன். ஒண்ணு முக்கால் கிலோ, கிலோ ரூ.120-ன்னு வச்சா ரூ.90,000. மீன் கம்மியா இருந்தா தீவனம் மிச்சமாகும், இருக்கறதும் கொஞ்சம் பெருசா வளரும். அதுக்காகப் பாதியைக் கழிச்சாலும் ரூ.45,000 போச்சு. மிச்சம் பிடிச்சது வெறும் 2,000! மோட்டார் கரண்ட்டும், காவலும், ஒரு வருஷ உழைப்பும் எப்படியும் ஒண்ணுதான்.

அதனால விலையைக் கேட்கும்போது "ஒரு குஞ்சு எவ்வளவு?"ன்னு நிறுத்தாதீங்க. "பிழைச்சு கரைக்கு வர்ற ஒரு மீனுக்கு எவ்வளவு?"ன்னு கணக்குப் போடுங்க. விடறதுக்கு முன்னாடி குளத்துல இருக்கற விராலைப் பிடிச்சிடுங்க. குஞ்சுப் பையைப் பிரிக்காம 15, 20 நிமிஷம் குளத்துத் தண்ணியில மிதக்க விடுங்க, சூடு சமமாகட்டும்.

திரும்பி வரும்போது சித்தப்பா கேட்டார்: "விவசாயம்தானே தம்பி, வரி கிடையாதுல்ல?"

இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க. நெல்லு வருமானம் வேற, மீன் வருமானம் வேற. நம்ம சொந்த நிலத்துல குளம் வெட்டினாலும், வருமான வரிச் சட்டப்படி மீன் வளர்ப்பு விவசாய வருமானம் இல்லை, தொழில் வருமானம். வரி வராம போகலாம். ஆனா கணக்கு வேணும். குஞ்சு, தீவனம் வாங்கின பில்லை ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

சித்தப்பா இந்த வருஷம் விரலிக்குச் சொல்லி வச்சிருக்கார். கூடவே ஒரு நோட்டும் வாங்கிட்டார். முதல் வரவு செலவு எழுதினது நான்தான்!