செட்டாப் பாக்ஸும் முதியவர்களும்: சில குறிப்புகள்

'வயசானவங்களுக்கு இதெல்லாம் வெளங்காது' என்கிற வாக்கியம் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் செட்டாப் பாக்ஸோடு சேர்ந்தே நுழைந்தது. பெட்டியைப் பொருத்த வந்த பையன் சொன்னான், பிள்ளைகள் சொன்னார்கள், பிறகு முதியவர்கள் தாங்களே சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள்: 'எனக்கென்னப்பா தெரியும், நீயே போட்டுக் குடு.' முப்பது வருஷம் தொலைக்காட்சியைக் கையாண்ட ஒருவருக்கு ஒரே வாரத்தில் அது தெரியாமல் போனது எப்படி? வயது இதற்குப் பதில் இல்லை. அறிவு இருந்த இடம் மாற்றப்பட்டது என்பதுதான் விஷயம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் 'இப்பத் தெரியுது... போயிடுச்சு... இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்' என்று கத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். அனலாக் ஒளிபரப்பில் அலையின் ஏற்ற இறக்கமே படத்தின் ஏற்ற இறக்கம். அலை பலவீனமானால் படமும் அதற்கேற்ப மங்கும், ஆனாலும் மனித முகம் தெரியும். பிழையே அங்கு ஒரு தகவல். புள்ளி புள்ளியாக வந்தால் ஆன்டெனாவோ வயரோ சரியில்லை. உருவம் இரட்டையாகத் தெரிந்தால் ஏதோ கட்டடத்தில் அலை மோதித் திரும்புகிறது. குறுக்கே கோடு ஓடினால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. யாரும் வகுப்பெடுக்காமலே மக்கள் கற்றுக்கொண்ட ஒரு வாசிப்பு இது.

டிஜிட்டலில் படம் எண்களாக்கப்பட்டு, சுருக்கப்பட்டு வருகிறது. பெட்டி அதை விரித்துக் கட்டுகிறது. ஒரு அனலாக் சேனல் பிடித்த இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்களை இப்படி அடைக்கலாம். அலை ஓரளவு பலவீனமாகும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடையும், உறையும், அப்புறம் ஒன்றுமே இல்லை. திரையில் மிஞ்சுவது 'நோ சிக்னல்', அதுவும் ஆங்கிலத்தில். பெட்டிக்கு மின்சாரம் போகாவிட்டாலும், வயர் கழன்றாலும், டிவி வேறு இன்புட்டுக்கு மாறியிருந்தாலும் பெரும்பாலும் அதே இரண்டு சொற்கள்தான். படித்துப் பார்ப்பதற்கு எதையும் மிச்சம் வைக்காத பிழை.

இந்த மாற்றத்தைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று மட்டும் பேசுவது பாதி உண்மை. எந்தக் கேபிள்காரருக்கு எத்தனை இணைப்பு என்பது அனலாக் காலத்தில் அவர் சொன்ன கணக்குத்தான். குறைத்துக் காட்டுகிறார்கள் என்பது சேனல் நிறுவனங்களின், அரசின் நீண்டகாலக் குறை. கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி வேண்டும் என்ற ஏற்பாடு 2003 செப்டம்பர் 1இல் சென்னையில் வந்தது. 2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, டிஜிட்டல் கட்டாயமானது. சட்டம் பயன்படுத்தும் சொல் 'அட்ரஸபிள்'. அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முகவரி. எங்கோ உட்கார்ந்து அந்த ஒரு வீட்டுப் பெட்டியை மட்டும் திறக்கலாம், மூடலாம், எண்ணலாம். எண்ணிக்கைக்குள் வராமல் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி இப்படித்தான் கணக்குக்குள் வந்தார்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விசித்திரச் சுற்று உண்டு. 2006 தேர்தலில் வாக்களித்த இலவசக் கலர் டிவியை அரசு வீடு வீடாகக் கொடுத்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. 2017இல் அதே நிறுவனம், டிஜிட்டல் உரிமம் கிடைத்தபின், விலையில்லாப் பெட்டியும் கொடுத்தது. ஆன்டெனா வழியும் அநேகமாக அடைபட்டது: தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளில் மிகப் பெரும்பாலானவற்றை 2022க்குள் நிறுத்திவிட்டது. மாதக் கட்டணமில்லாமல் பார்க்க டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அதற்கும் பெட்டி வேண்டும்.

சரி, நாம் செய்யும் உதவி என்ன? ரிமோட்டை அவர்கள் கையிலிருந்து வாங்கி, படபடவென நாலு பொத்தானை அமுக்கி, 'பாத்துக்கிட்டீங்களா, அவ்ளோதான்' என்று திருப்பிக் கொடுக்கிறோம். இது கற்பித்தல் அல்ல, அதிகாரத்தை நிகழ்த்திக் காட்டுவது. (பாவ்லோ ஃப்ரேரேயை மேற்கோள் காட்டும் நண்பர்கள் வீட்டிலும் இதேதான்.) ரிமோட் அவர்கள் கையைவிட்டு வெளியே வரக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் அமுக்குவது அவர்கள் விரலாக இருக்க வேண்டும்.

விளக்கவும் புதிய சொற்கள் தேவையில்லை. டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை அது. 'டெக் போட்ட மாதிரிதான், இந்த டெக்கைத் திருப்பிக் குடுக்க வேண்டாம்' என்றால் விஷயம் முடிந்தது: டிவி வெறும் திரை, சேனல் மாற்றுவது பெட்டி. பிறகு டிவியை ஏவியில் நிறுத்திவிட்டு, அதன் ரிமோட்டில் பவர் பொத்தானைத் தவிர மற்றவற்றை டேப் போட்டு மூடலாம். டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதைப் பெட்டி ரிமோட்டுக்கு விடலாம். சேனல் எண்களை ஓர் அட்டையில் அவர்களே எழுதட்டும், அவர்கள் வைக்கும் பெயரில்: 'நியூஸ்', 'பழைய பாட்டு', 'மத்தியானக் கதை'. எழுதத் தெரியாதவர்கள் படம் போடட்டும். நாம் டைப் செய்து ஒட்டும் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை.

முக்கியமானது, வேண்டுமென்றே கெடுத்துக் காட்டுவது. வயரைப் பிடுங்குங்கள், தப்பான இன்புட்டுக்கு மாற்றுங்கள், பிறகு அவர்களையே மீட்கச் சொல்லுங்கள். பெட்டியில் விளக்கு எரிகிறதா? மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் அந்தந்த நிறத் துளையில் இருக்கின்றனவா? பெட்டியை அணைத்து, நூறு எண்ணிவிட்டுப் போடுங்கள். அது எழுந்திருக்க நேரமெடுக்கும், அதற்குள் எதையும் அமுக்க வேண்டாம். படம் வராமல், சந்தா பற்றியோ பெட்டி எண்ணோடோ திரையில் ஏதாவது எழுத்து வந்தால் வயரில் குற்றமில்லை, பணம் போய்ச் சேரவில்லை. நாலைந்து முறை செய்தபின் பிழை மறுபடியும் வாசிக்கத்தக்கதாகிறது.

2019 பிப்ரவரி 1 முதல், 100 சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும், கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலையும் என்று டிராய் கொண்டுவந்தபோது, 'இனி நீங்களே தேர்வு செய்யலாம்' என்று விளம்பரம் வந்தது. யார் தேர்ந்தெடுத்தார்கள்? பெரும்பாலான வீடுகளில் கேபிள்காரரின் பேக், அல்லது மகனின் கிரிக்கெட். பகலில் அந்தத் திரைக்கு முன்னால் தனியாக உட்காருபவரிடம் 'உங்களுக்கு எது வேணும்' என்று யாரும் கேட்கவில்லை. பேக்கை மாற்றும் முன் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாலே போதும்.

இன்னொன்று. இணைப்பு யார் பெயரில், எந்தக் கைபேசி எண்ணில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இறந்துபோன கணவர் பெயரிலும், பெங்களூரில் இருக்கும் பிள்ளையின் எண்ணிலும் இருக்கும். சந்தா முடிகிறது என்ற செய்தி அங்கே போகும், திரை இங்கே இருளும். கேபிள்காரரிடம் சொல்லி அதை அவர் பெயருக்கு மாற்றுங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணை, கேபிள்காரரின் போன் நம்பரோடு சேர்த்து, சுவரில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.