வேர் என்று விற்கப்படும் கடல் உயிர்

திருவண்ணாமலையிலிருந்து கடலைப் பார்க்கச் சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் கடல் உயிரினத்தை வைத்திருந்த வழக்கில் சிக்குவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பூஜையறைச் சுவரே போதும். ‘இந்திரஜால்’ என்ற பெயரில், கண்திருஷ்டி கழியும், பணம் தங்கும் என்று சொல்லி ஒரு பொருள் நாடெங்கும் விற்கப்படுகிறது. பார்க்கக் கறுத்துக் காய்ந்த வேர் போலிருக்கும், வலை பின்னியதுபோல் தட்டையாக விரிந்திருக்கும். அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். காட்டு மூலிகை என்பார்கள். உண்மையில் அது கடல்விசிறி அல்லது கரும்பவளம்: கடலடியில் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, மெல்ல வளர்த்த எலும்புக்கூடு. பௌர்ணமிதோறும் கிரிவலம் வந்து ருத்ராட்சம், ஸ்படிகம், சங்கு வாங்கிப் போகும் ஊரில் இதை மீனவர்கள் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது.

கடல்விசிறியும் கரும்பவளமும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலி இருப்பதும் அதே அட்டவணைதான். அதிலுள்ள உயிரினத்தையோ அதன் பாகத்தையோ வைத்திருந்த குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை; 2022 திருத்தத்துக்குப் பின் அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. என்ன விலைக்கு வாங்கினோம் என்பது கணக்கிலேயே வராது. குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றம் என்பதால் வனத்துறையில் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழியில்லை. பொருள் நம் கைவசம் இருந்தது நிரூபணமானால், அது முறைகேடானதல்ல என்று காட்ட வேண்டியவர் நாம்தான் என்கிறது 57-ஆவது பிரிவு.

கடலில் மூழ்கி எடுத்தவனை விட்டுவிட்டு, நம்பி வாங்கிய பக்தரையா பிடிப்பது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மன்னார் வளைகுடாவின் அடியில் யார் எதைப் பெயர்த்தார் என்பதற்குச் சாட்சி கிடைப்பது அரிது. கையும் களவுமாகப் பிடிபடுவது கடையிலும் வீட்டிலும்தான். கைவசம் வைத்திருப்பதைக் குற்றமாக்காவிட்டால் இந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும். அதற்காக, மூட்டை மூட்டையாக விற்கும் வியாபாரிக்கும் முதல்முறை ஒன்றை வாங்கியவருக்கும் அதே 3 ஆண்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாங்கியவர் விஷயத்திலாவது நீதிபதிக்குக் குறைக்கும் உரிமை வேண்டும். தாத்தா காலத்துப் பொருள் என்ற வாதமும் எளிதில் எடுபடாது. கணக்குக் காட்டாமல் வைத்திருந்தவர்களுக்காக 2003-லேயே 180 நாள் அவகாசம் கொடுத்து முடிந்துவிட்டது. பூஜைக்கே தடையா என்று பதற வேண்டாம். வழக்கமான வெண்சங்கு இந்தப் பட்டியலில் இல்லை.

பிடிபட்டவருக்கும் உரிமைகள் உண்டு. கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைப்பற்றியது தடைசெய்யப்பட்ட இனம்தான் என்று நிபுணர் சான்றோடு நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. பிளாஸ்டிக்கில் செய்த போலியாக இருந்தால் வனவிலங்கு வழக்கே நிற்காது. ஆகவே விசாரணையில் அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். போலீஸ் வாக்குமூலம்போல் வனத்துறையிடம் சொல்வதும் செல்லாது என்று நினைத்துவிடக் கூடாது; அதிகாரம் பெற்ற வன அதிகாரி உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னர் நீதிமன்றத்தில் ஏற்கப்படும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், உதவி எண் 15100. இப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டுச் சுவரில் இருந்தால், வேறு யார் தலையிலும் கட்டிவிடாமல், முதலில் பேச வேண்டிய எண்ணும் அதுதான். சட்ட ஆலோசனை பெற்று அதன்பின் வனத்துறையிடம் போகலாம்.