கொரியப் பயிற்சியும் அறுவர் குழுவும்



அருப்புக்கோட்டைத் தறித் தெருக்களிலும், திருச்சுழியைச் சூழ்ந்த கரிசற்காட்டு ஊர்களிலும் இப்போது பள்ளிப் பெண்கள் சிலர் கொரியமொழிப் பாடல்களைப் பாடக் கேட்கிறோம். மழை பெய்தால்தான் கண்மாய் நிறையும் என்னும் இந்த வானம் பார்த்த பூமிக்கும், கடல்கடந்த சியோல் நகருக்கும் கைப்பேசி வழிவகுத்துவிட்டது. பெரியோர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். முகஞ் சுளிப்பதனால் எப்பொருளும் விளங்கிவிடாது. ஆதலின், இத்தகைய மகளிர் இசைக்குழு ஒன்று எவ்வாறு உருவாகி உயர்கிறது என்பதை இன்று பார்ப்போம். தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவரும் தேர்வுபெற்ற ‘கேட்சை’ என்னும் குழுவையே எடுத்துக்கொள்வோம். வைடூரியம் என்று நாம் வழங்கும் மணியை ஆங்கிலேயர் பூனைக்கண் என்பர். அப்பெயரைத் தழுவியதே இது.

நண்பர் சிலர் கூடிப் பாடி, நாளடைவில் புகழ்பெற்ற கூட்டமன்று கொரியக் குழு. நிறுவனமொன்று இளையோரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் ஆடலும் பாடலும் பயிற்றிய பின்னரே மேடையேற்றுகிறது. 1990-களின் பிற்பகுதியில் லீ சூ மான் என்பவரின் நிறுவனம் இம்முறையை நிலைநாட்டியது. 1997-இல் அது அரங்கேற்றிய ‘எஸ்.இ.எஸ்.’ என்னும் மூவர் குழு, பின்வந்த மகளிர் குழுக்களுக்கு முன்னோடி. 2009-இல் ‘ஒண்டர் கேர்ள்ஸ்’ குழுவின் பாடல் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் இடம்பெற்றது. 2016-இல் அரங்கேறிய ‘பிளாக்பிங்க்’ குழுவின் பெயரை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

இம்முறை நமக்குப் புதிதா? அன்று. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு ‘தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை’ என்னும் நாடகக் குழுவை நிறுவினார். தி. க. சண்முகமும் அவர் உடன்பிறந்தாரும் பாலகராய் அதிற் சேர்ந்தவர்களே. எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள் என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘கம்பெனி வீடு’ என்று ஒன்று இருக்கும். பிள்ளைகள் அனைவரும் அங்கேயே உண்டு, உறங்கி, பாடம் கேட்க வேண்டும். பாட்டும் வசனமும் மனப்பாடம், தவறினால் அடி. பருவம் வந்து குரல் உடைவதை மகரக்கட்டு என்பார்கள். அது வந்ததும், முந்தைய நாள்வரை கைதட்டல் பெற்ற பையனுக்குப் பாட்டு வேடம் போய்விடும். கலை வளர்ந்தது உண்மை. பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு அதற்கு விலையாயிற்று என்பதும் உண்மை. ஆசிரியத் தொழில் செய்தவனாதலின் இரண்டாவதை என்னால் மறக்க இயலவில்லை.

இனி கேட்சைக்கு வருவோம். கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் இசைத்தட்டு நிறுவனமும் கூட்டாக, பன்னாட்டுப் பெண்களைக் கொரிய முறையில் பயிற்றுவிக்க முனைந்தன. விண்ணப்பங்கள் 1,20,000 என்று நிறுவனத்தார் அறிவித்தனர். இறுதிப் போட்டிக்கு வந்தோர் 20 பேர். 2023 செப்டம்பர் முதல் நவம்பர் வரை அப்போட்டி இணையத்தில் ஒளிபரப்பாகியது. ரசிகர் வாக்கும் கணக்கிற் கொள்ளப்பட்டது. நவம்பர் 17-ஆம் நாள் அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் லாரா ராஜ், அமெரிக்காவில் வளர்ந்த தமிழ் மரபினர்; நெற்றிப் பொட்டை விடாது மேடையேறியவர். பிலிப்பைன்ஸ், சுவிட்சர்லாந்து, கொரியா முதலிய நாட்டுப் பெண்களும் உடன் இருந்தனர். 2024 சூனில் முதற்பாடல் வெளிவந்தது. 2025 நவம்பரில், புதிய கலைஞருக்குரிய கிராமி விருதுக்கு அக்குழு பரிந்துரைக்கப்பட்டது.

லாராவுக்கு முன்னரே நம் நாட்டிலிருந்து ஒருவர் கொரியாவுக்கே சென்றுள்ளார். ஒடிசி நடனம் பயின்ற ஒடிசா மாநிலத்துச் சிரேயா லெங்கா, சியோலில் பல மாதப் பயிற்சிக்குப்பின் 2022-இல் ‘பிளாக்ஸ்வான்’ குழுவிற் சேர்ந்தார்.

இவ்வளவும் கேட்டபின் உங்களுள் சிலருக்குக் கால்கள் பரபரக்கலாம். 2024 சனவரியில் நம் மாநிலத்தைச் சேர்ந்த மூன்று சிறுமியர், தம் மனங்கவர்ந்த கொரியப் பாடகரைக் காண வேண்டுமென்று கையில் சில ஆயிரம் ரூபாயுடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டனர். விசாகப்பட்டினம் சென்று கப்பலேறுவது அவர்கள் எண்ணம். காட்பாடி இரயில் நிலையத்தில் காவலர் அவர்களை மீட்டனர். நல்லவேளை, வேறு எவர் கையிலும் சிக்கவில்லை.

சென்று சேர்ந்தாலும் அங்கே காத்திருப்பது ஒப்பந்தம் என்னும் காகிதம். 2009-இல் ‘டி.வி.எக்ஸ்.கியூ.’ என்னும் ஆடவர் குழுவினர் மூவர், தங்களைப் பதின்மூன்று ஆண்டுகள் பிணைத்த ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் ஏறினர். அதே ஆண்டில் கொரிய அரசின் நியாய வணிக ஆணையம், ஏழாண்டுக்கு மேற்படாத மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்தது. பயிற்சிக்கான செலவைப் பின்னர்க் கலைஞரின் வருவாயிலிருந்து கழித்துக்கொள்ளும் வழக்கமும் பல நிறுவனங்களில் உண்டு. ஆதலின் புகழ் வந்த உடனே பொருளும் வந்துவிடும் என்று கருதற்க. கையெழுத்திடுமுன் எத்தனை ஆண்டு, செலவு யார் பொறுப்பு, இடையில் விலகினால் யாது நேரும் என்னும் மூன்றையும் பெற்றோர் அருகிருக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

இருபதின்மருள் அறுவர் போக எஞ்சிய பதினால்வரைப் பற்றி எவரும் என்னிடம் கேட்பதில்லை. அவர்களும் அதே பயிற்சிக் கூடத்தில் வியர்வை சிந்தியவர்களே. அவருள் சுலோவாக்கியா நாட்டு அடேலா, பாலே நடனம் பயின்றவர், முதற்சுற்றிலேயே நீக்கப்பட்டார். அவர் பின்னர்த் தனியாகவே பாடத் தொடங்கி, 2025-இல் தம் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.