இதழும் குரலும்

வானொலியில் என் குரல் மட்டுமே உங்களை வந்தடைகிறது. என் வாய் எவ்வாறு அசைகிறது என்பதைப் பற்றி நெல்லையிலோ அம்பாசமுத்திரத்திலோ கேட்கும் எவரும் கவலை கொள்வதில்லை. திரைப்படத்திற்கோ அந்த வசதி கிடையாது. ஒரு மொழியில் எடுத்த படத்துக்கு வேறொரு மொழியின் பேச்சைப் பொருத்தும் 'டப்பிங்' கலையின் இடர்ப்பாடெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஜெர்மனியில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் இதற்கு வழி திறந்தவர் காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் (1907-1979). படத்துறைக்கு வருமுன் அவர் இசைத்தட்டு வணிகர். முகமில்லாத குரலை விற்றுப் பழகியவர். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் நடிகை ஒருவரின் பாட்டு மனநிறைவு தராததால், லலிதா வெங்கடராமனைப் பாடச் செய்து, அக்குரலை நடிகையின் வாயசைப்புடன் இணைத்தார். பாட்டைப் பிரிக்க முடியுமானால், பேச்சை ஏன் பிரிக்கக்கூடாது?

இரண்டாம் உலகப் போர் அந்த வினாவை அவசரமாக்கிற்று. கச்சா பிலிம் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசு வரம்பு கட்டியது. ஒரே கதையை மறுபடியும் நடித்துப் படமாக்குவதைக் காட்டிலும் குரலை மட்டும் மாற்றுவது சிக்கனம் அன்றோ? ஆர். நாகேந்திர ராவ் இயக்க, சுப்பையா நாயுடு நடித்து 1943-இல் வெளிவந்த கன்னட 'ஹரிச்சந்திரா' இவ்வாறே தமிழ் பேசி 1944-இல் திரைக்கு வந்தது. இந்தியாவின் முதல் டப்பிங் படமாக அது கருதப்படுகிறது.

இனி, மாணவ நண்பர்களே, நன்னூலின் பிறப்பியலை நினைவுகூருங்கள். பகரமும் மகரமும் இரு இதழும் பொருந்தப் பிறப்பவை. வகரத்துக்கு மேற்பல்லும் கீழிதழும் சேர வேண்டும். உகர ஒகரங்களுக்கு இதழ் குவிய வேண்டும். தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்யும் இப்பகுதியே டப்பிங் வசனம் எழுதுபவரின் சட்டப் புத்தகம் எனலாம். தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகிவிடும். நமது பால் அங்கே 'ஹாலு', பாம்பு 'ஹாவு', போ என்பது 'ஹோகு'. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். 'ஹோகு' என்பவரின் இதழ்கள் ஒட்டுவதே இல்லை. அவர் வாயில் 'போ' என்ற சொல்லை வைத்தால், மூடாத வாயிலிருந்து பகரம் பிறக்கும் விந்தை நிகழும்! 'ஓடு' என்று எழுதினால் பொருள் சற்றே விலகினாலும் இதழ் பொருந்தும். மகனை இழந்த சந்திரமதிக்கு இந்தத் தொல்லை இல்லை. 'மகனே' என்ற விளி இரு மொழிக்கும் ஏறக்குறைய ஒன்றே.

பிலிம் சுருள்கள் வழங்கிய காலத்தில், காட்சியைச் சிறு துண்டாக வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். குரல் கொடுப்பவர் திரையிலுள்ள வாயைப் பார்த்தபடி, மூச்சு எடுக்கும் இடம் உட்படப் பயில்வார். நடித்தவர் வடித்த கண்ணீருக்கு இவர் விம்ம வேண்டும். ஆயினும் இவருடைய முகத்தை யாரும் அறியமாட்டார்கள். இக்கலைஞர்களுக்கு நாம் தரும் மதிப்பு மிகக் குறைவு என்பது என் கருத்து.

ஆனால் 1949-இல் 'வாழ்க்கை' படம் வெற்றி பெற்றபோது செட்டியார் அதன் குரலை மாற்றவில்லை. தெலுங்கில் 'ஜீவிதம்' என்றும், இந்தியில் 'பகார்' என்றும் மறுபடியும் படமாக்கினார். வைஜயந்திமாலா மூன்றிலும் நடித்தார். போர்க்காலக் கட்டுப்பாடு அதற்குள் நீங்கியிருந்தது. குரலை மாற்றுவதைவிடப் படத்தையே புதிதாக எடுப்பது அவருக்கு மேலாகத் தோன்றியிருக்க வேண்டும்.