ஒடிந்தது தகடா, எலும்பா?

படுவான்கரைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து தொடையெலும்பு முறிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சை செய்து, தகடு வைத்து ஆணி இறுக்கி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. சில மாதம் கழித்து, காலை ஊன்ற முடியவில்லை என்று அவர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத் திரும்பவும் வருகிறார். உள்ளே வைத்த தகடு ஒடிந்திருக்கலாம். தகட்டைச் சுற்றிக் கிருமி தொற்றிச் சீழ் பிடித்திருக்கலாம். தகடு அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் எலும்பு புதிதாக முறிந்திருக்கலாம்.

அவருக்கு எல்லாம் ஒரே வலிதான். வைத்தியசாலையின் கணக்கில் மூன்றும் வேறு வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-10இல் தகடு ஒடிந்தால் ரி 84.1, தொற்று என்றால் ரி 84.6, எலும்பு முறிந்தால் எம் 96.6. உடலுக்குள் வைத்த பொருள் ஒடிவது, இடம் விலகுவது, கசிவது, அடைபடுவது, துளைத்துக்கொண்டு வெளியே நீட்டுவது எல்லாம் இயந்திரக் கோளாறு என்ற வகைக்குள் வரும். பேஸ்மேக்கருக்கு ரி 82.1, லூப்புக்கு ரி 83.3, செயற்கை மூட்டுக்கு ரி 84.0, கண்ணில் வைத்த வில்லைக்கு ரி 85.2.

துண்டு வெட்டி நோயாளி வீட்டுக்குப் போனபின், பி.எச்.ரி. எனப்படும் அவருடைய வார்டுக் குறிப்பு பதிவேட்டுப் பிரிவுக்குப் போகிறது. அதைப் படித்துத்தான் குறியீடு இடுகிறார்கள்; அது இணையவழியாகச் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குச் சேர்கிறது. வைத்தியர் ‘கால்வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் குறியீடு இடுபவர் ஊகித்து எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஒடிந்த தகடு வெறும் கால்வலியாகவே கணக்கில் ஏறிவிடும். அவசரத்தில் எழுதப்படும் அந்த ஒற்றை வரிக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

தகடு ஒடிந்தது என்றதும் உற்பத்தியாளரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. எலும்பு கூடும்வரை பாரத்தைத் தாங்கிக்கொடுப்பதே தகட்டின் வேலை. எலும்பு கூடாமலே இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் உலோகம் வளைந்து வளைந்து, களைத்து, ஒருநாள் ஒடியும். ரி 84.1 என்ன நடந்தது என்பதைத்தான் சொல்கிறது; யாருடைய பிழை என்று சொல்லாது. அப்படிப்பட்ட பதிவுகள் நிறையச் சேர்ந்தால்தான், குறிப்பிட்ட ஒரு பொருள் மற்றவற்றைவிட அடிக்கடி பழுதாகிறதா என்று பார்க்க முடியும்.

டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு அப்படித்தான் பிடிபட்டது. உலோகத்தோடு உலோகம் உரசும் அமைப்பு. உரசலில் கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன. ஓரிரு நோயாளிகளை மட்டும் பார்க்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்கு இது தற்செயலாகத் தோன்றியிருக்கும். மூட்டு மாற்றுச் சிகிச்சைகளை 1999 முதல் பதிந்துவரும் அவுஸ்திரேலியப் பதிவேட்டில், இந்த மூட்டை மறுபடி மாற்றவேண்டி வந்தவர்களின் தொகை துருத்திக்கொண்டு தெரிந்தது. இங்கிலாந்துப் பதிவேட்டிலும், இதன் ஒரு வகையைப் பொருத்தியவர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டுக்குள் மறுசத்திரசிகிச்சை வேண்டியிருந்தது. 2010 ஓகஸ்டில் நிறுவனம் உலகம் முழுவதிலும் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறக்குறைய 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது.

அவர்களில் சுமார் 4,700 பேர் இந்தியாவில். நட்டஈடு பற்றிய பேச்சு வந்தபோது அவர்களில் பெரும் பகுதியினர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. உடம்புக்குள் பழுதான பொருளைச் சுமந்துகொண்டிருப்பவருக்கு அதைச் சொல்ல வழியில்லாமல் போவது கொடுமை.

நம்மிடமும் அதே ஓட்டை இருக்கிறது. ரி 84.1 என்பதில் தகட்டின் கம்பனியும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. மருத்துவப் பொருள் பழுதானதாகக் காட்ட வை 79.2 என்று மேலதிகக் குறியீடு சேர்க்கலாம். அதுவும் பெயரைச் சொல்லாது. பெயரும் இலக்கமும் இருப்பது, பொருத்தும் பொருளின் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரில். அதை பி.எச்.ரி.யில் ஒட்டவேண்டும், அந்த விபரத்தை நோயாளியின் டயக்னோசிஸ் கார்ட்டிலும் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதாவிட்டால் கேட்டு வாங்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். மாரியில் வெள்ளம் ஏறும் வாவிக்கரை வீடுகளில் கிளினிக் கொப்பியையும் அந்தக் கார்ட்டையும் பொலித்தீன் பையில் சுற்றி வைப்பது நல்லது. கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வைக்கலாம். கொழும்பில் பேஸ்மேக்கர் வைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், அதன் மாதிரியும் இலக்கமும் உள்ள அட்டையை எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கையோடு கொண்டுபோக வேண்டும்.