சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

கார்டு எழுதிய தாளில் சி, ஏ மைனர், எஃப் என்று போய்க்கொண்டிருக்கும். நடுவில் சி/இ என்று ஒன்று வந்து நிற்கும். கிட்டார் பழகத் தொடங்கிய பலரும் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் வெறும் சி-யை வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். பாட்டு கெட்டுவிடாது. ஆனால் எழுதியவர் கேட்டது அது இல்லை.

கோட்டுக்கு முன்னால் இருப்பது கார்டு. பின்னால் இருப்பது ஒற்றை ஸ்வரம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்க வேண்டியது. சி மேஜரில் இருப்பவை சி, இ, ஜி. சி/இ-யிலும் அதே மூன்றுதான், அடியில் இருப்பது மட்டும் இ. சி அடியில் இருந்தால் கார்டு காலூன்றி நிற்கும். இ இருந்தால் அடுத்த கார்டுக்கு நகரத் துடிக்கும். எந்த ஸ்வரம் அடியில் வந்தாலும் கார்டு ஒன்றே என்று பிரெஞ்சு இசைமேதை ராமோ 1722-ல் எழுதினார். இலக்கணப்படி சரி. காது ஒத்துக்கொள்வதில்லை.

அடி ஸ்வரம் அந்தக் கார்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எஃப்/ஜி-யில் எஃப், ஏ, சி மூன்றும் ஜி-யின் மேல் அந்தரத்தில் தொங்கும். சி-யில் வந்து இறங்கினால்தான் நிம்மதி.

பியானோவில் ஒரு வேடிக்கை. தாளில் இடப்பக்க எழுத்து வலக்கைக்கு, வலப்பக்க எழுத்து இடக்கைக்கு. பேஸ் கிட்டார்காரருக்கு வலப்பக்க எழுத்து ஒன்றே போதும், அதிகாரமும் அவரிடம்தான். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். நான்கு கம்பி பேஸில் அது 41. கிட்டார்காரர் என்னதான் சி/இ வாசித்தாலும், பேஸில் சி விழுந்தால் அரங்கத்துக்குக் கேட்பது வெறும் சி.

கிட்டாரில்தான் விரல் பாடு. டி/எஃப் ஷார்ப்புக்குக் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்துவார்கள். சின்னக் கைக்கு அது தண்டனை. பேஸ் வாசிக்க ஆள் இருந்தால் விட்டுவிடலாம். சி/இ-க்கோ பாடே இல்லை. சி-யைப் பிடித்து ஆறு கம்பியையும் வாரி அடிக்கிறவர் தனக்கே தெரியாமல் அதைத்தான் வாசிக்கிறார்.

இந்தக் கோட்டின் உண்மையான வேலை பேஸை நடக்கவைப்பது. பீட்டில்ஸின் 1968 ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டைக் கேளுங்கள். மேலே ஏ மைனர் நிற்க, அடியில் ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று பேஸ் படியிறங்கும். சி, ஜி, ஏ மைனர் என்ற சாதாரண வரிசையையும் இப்படி மாற்றலாம். ஜி-க்குப் பதில் ஜி/பி போட்டால் அடியில் சி, பி, ஏ. அதற்குப் புதிதாக எதையும் பிடிக்க வேண்டாம். வழக்கமான ஜி-யில் ஐந்தாம் கம்பியில் ஏற்கெனவே பி இருக்கிறது. ஆறாம் கம்பியை மீட்டாமல் விட்டால் போதும்.