பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

பழைய யுஎஸ்பி வைஃபை அடாப்டரைக் கணினியில் செருகுகிறோம். 'டிங்' என்று ஒலி வருகிறது. இணையம் மட்டும் வரவில்லை. "கெட்டுப் போச்சு, புதுசு வாங்கிக்கோ" என்பதுதான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் ஆலோசனை. ஆனால் அடாப்டர் நல்ல நிலையிலேயே இருக்கலாம். இல்லாதது அதற்குரிய டிரைவர்.

கணினிக்கும் அடாப்டருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் வேலை செய்யும் மென்பொருளே டிரைவர். அது அடாப்டரின் மேல் அச்சிட்ட பெயருக்காக எழுதப்படுவதில்லை. உள்ளே இருக்கும் சில்லுக்காக எழுதப்படுகிறது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கை இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதுகிறாள். அவளுடைய மேசைக்கணினியில் வைஃபை கிடையாது. உறவினர் கொடுத்த அடாப்டர் டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என். இந்தப் பெயரில் வந்த முதல் பதிப்பில் ஏதெரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 சில்லு இருக்கும். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் இருப்பதோ ரியல்டெக் சில்லு. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஒன்றின் டிரைவர் மற்றொன்றுக்கு உதவாது.

அப்படியானால் நம்மிடம் இருப்பது எது? கணினியையே கேட்கலாம். விண்டோஸில் 'ஸ்டார்ட்' பொத்தானை வலது சொடுக்கு செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறக்கவும். மஞ்சள் முக்கோணக் குறியுள்ள சாதனத்தை வலது சொடுக்கு செய்து 'புராப்பர்ட்டீஸ்', அடுத்து 'டீடெய்ல்ஸ்' செல்லவும். பட்டியலில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 'விஐடி', 'பிஐடி' என்ற இரண்டு குறியீடுகள் தெரியும். ஒவ்வொன்றின் பின்னும் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளரின் எண். இரண்டாவது பொருளின் எண். பதினாறடிமான எண்கள் என்பதால் இடையில் ஆங்கில எழுத்துகளும் வரும்.

தங்கையின் அடாப்டர் காட்டியது 2357, 010சி. அது ரியல்டெக் சில்லு கொண்ட பதிப்பு. முதல் பதிப்பாக இருந்திருந்தால் 0சிஎஃப்3, 9271 என்று காட்டியிருக்கும். விடை தெரிந்த பிறகு சரியான டிரைவரை நிறுவப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இணையமே இல்லாத கணினியில் எப்படிப் பதிவிறக்குவது? ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளால் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்குங்கள். முதலில் 'விண்டோஸ் அப்டேட்' தானாகவே டிரைவரைத் தருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்துக்குச் சென்று, உங்கள் பதிப்புக்கு உரியதை மட்டும் எடுங்கள். கோப்புறையில் 'ஐஎன்எஃப்' வகைக் கோப்பு இருந்தால் நோட்பேடில் திறந்து உங்கள் எண்களைத் தேடுங்கள். அவை அங்கே இருந்தால், அந்த டிரைவர் உங்கள் சாதனத்துக்காக எழுதப்பட்டதுதான்.

"எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்" என்று அழைக்கும் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள். டிரைவர் கணினியின் ஆழம்வரை அனுமதி பெறும் மென்பொருள். 64 பிட் விண்டோஸ் அதற்கு மின்னணுக் கையொப்பம் கேட்பதும் இதனால்தான். அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு நிறுவச் சொன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளில் லினக்ஸ் போட நினைப்பவர்களுக்கும் இதே எண்கள் உதவும். அங்கே 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளை அவற்றைக் காட்டும். ஏஆர்9271 சில்லுக்கான டிரைவர் 2010 முதல் லினக்ஸ் கருவிலேயே இருக்கிறது.

எல்லாப் பழைய அடாப்டரையும் காப்பாற்ற முடியாது. டபிள்யூபிஏ2 பாதுகாப்பை அறியாத மிகப் பழையவற்றை விட்டுவிடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்த அடாப்டருக்கு, 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் வைஃபை கண்ணில் படாது. மற்றவற்றைக் குப்பையில் போடுமுன் அந்த எட்டு இலக்கங்களைப் பாருங்கள். கண்டுபிடித்ததும் ஒரு சிறு தாளில் எழுதி அடாப்டரிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைப் பயன்படுத்தும் தம்பி தங்கைக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.